தோலைப் பூட்டிவைத்த ஊர்

(மார்கோ லனகனின் ‘ஸீ ஹார்ட்ஸ்’ நாவலை முன்வைத்து)

எட்டு வயது மகளுக்குத் தினமும் தூங்குவதற்கு முன் ஒரு கதை சொல்லியாக வேண்டும். கையிருப்பு தீர்ந்துபோன ஓர் இரவில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னி தீவுகளின் கடல்நாய்ப் பெண் கதையைச் சொன்னேன். கடல்நாய்கள் கரையேறித் தோலைக் கழற்றிவைத்துவிட்டு மனித உருவில் விளையாடுகின்றன. ஒளிந்திருந்து பார்க்கும் ஒருவன் ஒரு தோலை எடுத்துக்கொள்கிறான். மற்றவர்கள் கடலுக்குள் குதித்துத் தப்பிவிட, தோல் இல்லாதவள் மட்டும் கரையில் நிற்கிறாள். அழுகிறாள், கெஞ்சுகிறாள். அவன் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவன் வீட்டுக்குப் போகிறாள், மனைவியாகிறாள், பிள்ளைகள் பெறுகிறாள். பல வருஷம் கழித்து, பிள்ளைகளில் ஒன்றின் மூலமாகத் தோல் இருக்கும் இடம் தெரிகிறது. அன்றைக்கே அவள் கடலுக்குப் போய்விடுகிறாள்.

அம்மா போய்விட்டாளே என்று மகள் அழுவாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு. “அப்பா, அந்த ஆளு தோல எரிச்சிருக்கலாம்ல? எரிச்சிட்டா அவ எப்படிப் போவா?”

“தெரியலையேம்மா” என்று சொல்லி விளக்கை அணைத்தேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்தக் கதையின் எத்தனையோ வடிவங்களை வாசித்திருக்கிறேன். அவன் ஏன் அதை எரிக்கவில்லை என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மறுநாள் அலமாரியிலிருந்து லனகனின் நாவலை எடுத்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் வாசிப்பிலிருந்து வருவது.

1

‘செல்கி’ என்பது ஸ்காட்ஸ் மொழியில் கடல்நாயைக் குறிக்கும் சாதாரணச் சொல். தேவதை, மோகினி என்ற அர்த்தமெல்லாம் அதில் இல்லை. அயர்லாந்தின் மேற்குக் கரை, ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகள், ஆர்க்னி, ஷெட்லண்ட், இன்னும் வடக்கே பரோயே தீவுகள் வரை இந்தக் கதை பரவியிருக்கிறது. ‘கெல்டிக் தொன்மம்’ என்று புத்தக அட்டைகள் போடுவது முழுக்கச் சரியில்லை. ஆர்க்னியும் ஷெட்லண்டும் நெடுங்காலம் நார்வே அரசின் கீழ் இருந்தவை. அங்கே பேசப்பட்டது நார்ஸ் வழிவந்த மொழி. 1468, 1469 ஆண்டுகளில் அந்தத் தீவுகள் ஸ்காட்லாந்தின் கைக்கு வந்ததே ஓர் இளவரசியின் சீதனத்துக்கு ஈடாக அடமானம் வைக்கப்பட்டதால்தான். மீட்கப்படாத அடமானம். கைக்கு வந்ததைத் திருப்பித் தராத கதை அந்த மண்ணில் இவ்வளவு ஆழமாக ஊன்றியிருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்தக் கரைவாசிகளுக்குக் கடல்நாய் அழகுப்பொருள் அல்ல. அதன் கொழுப்பு விளக்கெரிக்க எண்ணெய், தோல் உடுப்புக்கும் செருப்புக்கும். வலையில் விழுந்த சால்மன் மீனைக் கடித்துக் குதறிவிட்டுப் போகும் போட்டியாளனும் அதுதான். அடித்துக் கொன்றார்கள். அதே சமயம் அதன் கண் மனுஷக் கண் மாதிரி இருந்தது. பாறையில் அது எழுப்பும் குரல் யாரோ அழுவது மாதிரிக் கேட்டது. வடக்கு யூயிஸ்ட் தீவின் மக்கோட்ரம் குடும்பத்தார் தங்களைக் கடல்நாய்களின் வம்சம் என்று சொல்லிக்கொண்டார்கள். கொல்வதையே உறவு என்றும் நம்புகிறவனின் மனக்குடைச்சலிலிருந்து வந்தவை இந்தக் கதைகள். 1954இல் வெளிவந்த டேவிட் தாம்சனின் ‘தி பீப்பிள் ஆஃப் த ஸீ’ என்ற பயணநூலை வாசித்தால் இது விளங்கும். கதை சொல்லும் கிழவர்கள் அதில் ஒரே மூச்சில் கடல்நாயைச் சுட்டதையும் சொல்வார்கள், அது பேசியதையும் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம். சாம்பல் கடல்நாய் இலையுதிர்காலத்தில் பாறைத் தீவுகளில் ஏறிக் குட்டி போடும். ஏறக்குறைய 18 நாள் பால் கொடுக்கும். பிறகு ஒருநாள் குட்டியைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும், திரும்பி வராது. வெள்ளை ரோமம் உதிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் குட்டி பசி தாங்காமல் தானாகவே தண்ணீரில் இறங்க வேண்டும். வருஷா வருஷம் இதைப் பார்த்த கரைக்காரர்களுக்கு, பிள்ளையை விட்டுப் போகும் தாயின் கதையை வேறெங்கும் போய்த் தேட வேண்டியிருக்கவில்லை என்றே நினைக்கிறேன். ‘கடல்நாய்’ என்ற நம் சொல்லில் அந்தத் தாய் இல்லை. நம் கடலில் இல்லாத பிராணிக்கு நாம் வைத்த பெயர் அவ்வளவுதான் தாங்கும்.

2

மார்கோ லனகன் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், சிட்னியில் வசிப்பவர். ‘பிளாக் ஜூஸ்’ சிறுகதைத் தொகுப்பும் ‘டெண்டர் மோர்சல்ஸ்’ நாவலும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. கடல்நாய்ப் பெண்கள் பற்றி அவர் முதலில் எழுதியது ஒரு குறுநாவல். அதற்கு 2010இல் உலக மிகைபுனைவு விருது கிடைத்தது. அதை விரித்து எழுதிய நாவல் 2012இல் ஆஸ்திரேலியாவில் ‘ஸீ ஹார்ட்ஸ்’ என்றும், பிரிட்டனில் ‘தி பிரைட்ஸ் ஆஃப் ரோல்ராக் ஐலண்ட்’ என்றும் வெளிவந்தது. 2013இல் முதல்முறையாக வழங்கப்பட்ட ஸ்டெல்லா பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது. பதின்பருவத்தினருக்கான நாவல் என்று கடைகளில் அடுக்கியிருப்பார்கள். அதை நம்பி ஒதுக்கிவிட வேண்டாம்.

ரோல்ராக் எந்த வரைபடத்திலும் இல்லாத தீவு. பாட்ஸ்ஹெட் என்ற ஒரே ஊர். மீன்பிடிப் படகுகள், குளிர், ஒரு மதுவிடுதி. பெருநிலத்தில் கார்ட்லின் என்ற பட்டணம். அந்தத் தீவில் மிஸ்கெல்லா என்ற பெண் பிறக்கிறாள். குண்டு, கருப்பு, யாருக்கும் பிடிக்காத முகச்சாயல். பல தலைமுறைக்கு முன் அந்த ஊர் ஆண்கள் கடல்நாய்ப் பெண்களைக் கட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஊர் அதைப் பேசுவதில்லை. ஆனால் சில குழந்தைகளின் முகத்தில் அந்த ரத்தம் தலைகாட்டிவிடும். மிஸ்கெல்லா அப்படிப்பட்டவள். ஊர் மறைக்க நினைத்ததை முகத்தில் சுமந்து திரிந்தவள் என்பதாலேயே ஊர் அவளைச் சீண்டுகிறது, ஒதுக்குகிறது. எவனும் அவளைக் கட்டிக்கொள்ள வரவில்லை. தனக்கு ஒரு சக்தி இருப்பதை அவள் கண்டுபிடிக்கிறாள்: கடல்நாயின் உடலிலிருந்து ஒரு மனித உருவத்தை வெளியே எடுக்க அவளால் முடியும்.

அவள் பழிவாங்கும் முறைதான் நாவலின் அடித்தளம். ஆண்களுக்குக் கடலிலிருந்து பெண் எடுத்துக் கொடுக்கிறாள். காசு வாங்கிக்கொண்டு. முதலில் ஒருவன் வருகிறான், ஊர் காறித் துப்புகிறது. பிறகு இன்னொருவன். அழகி, சொன்னதைக் கேட்பவள், எதிர்த்துப் பேசத் தெரியாதவள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லா ஆண்களும் அவள் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள், கடன் வாங்கியாவது நிற்கிறார்கள். ஊரிலிருந்த மனிதப் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கார்ட்லினுக்குக் கப்பலேறுகிறார்கள். ஒரு தலைமுறைக்குள் ரோல்ராக்கில் எல்லார் வீட்டு அம்மாவும் கடலிலிருந்து வந்தவள். தோல்கள் எல்லாம் மதுவிடுதிக்குள் ஓர் அறையில் பூட்டியிருக்கின்றன. யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை. நினைப்பதற்கு ஊரில் ஆளே இல்லை.

லனகன் செய்த பெரிய மாற்றம் இதுதான். பழைய கதையில் திருடன் ஒருவன், வீடு ஒன்று, பரண் ஒன்று. கேட்கிற நமக்கு அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: அவன்தானே திருடினான், நாமில்லையே. லனகன் அந்தத் திருட்டை ஊர்வழக்கம் ஆக்கிவிடுகிறார். ஒருவன் செய்தால் பாவம், ஊரே செய்தால் சம்பிரதாயம். மதுவிடுதி அறையின் பூட்டு அதற்கான சின்னம். தனித்தனியாக ஒளித்துவைத்தால் எவனுக்காவது ஒருநாள் இரக்கம் வந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பூட்டிவிட்டால் ஒருவனுடைய இரக்கத்துக்கு அங்கே வேலையில்லை.

3

நாவலைப் பலர் மாறி மாறிச் சொல்கிறார்கள். மிஸ்கெல்லா சொல்கிறாள். அப்பா கடற்பெண்ணிடம் போய்விட, அம்மாவோடு தீவைவிட்டுப் போகும் பெட் வின்ச் சொல்கிறாள். என்னைப் பிடித்து உலுக்கிய பகுதி டொமினிக் மாலட் சொல்வது.

டொமினிக் கெட்டவன் இல்லை. கார்ட்லினில் கிட்டி என்ற பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ரோல்ராக்கில் இருக்கும் பழைய வீட்டுக்கு ஒரு வழி பண்ணிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வருகிறான். மிஸ்கெல்லா அவனுக்காக ஒருத்தியைக் கடலிலிருந்து எடுக்கிறாள். அவ்வளவுதான். கிட்டியை அவன் மறக்கவில்லை. அவளுக்குத் துரோகம் செய்கிறோம் என்பது ஒவ்வொரு கணமும் அவனுக்குத் தெரிகிறது. தெரிந்தே செய்கிறான். நெமே என்ற அந்தப் பெண்ணின் மீது அவனுக்கு வரும் மயக்கத்தை லனகன் எழுதியிருக்கும் விதத்தில், அந்தப் பக்கங்கள் முழுக்க நான் அவன் பக்கம் நின்றேன். கிட்டிக்கு என்ன பதில் சொல்வான் என்று கவலைப்பட்டேனே தவிர, நெமேவிடம் யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தியாயம் முடிந்த பிறகுதான் உறைத்தது. ஊர் எப்படி ஊரானது என்பதை லனகன் விளக்கவில்லை, என்னை வைத்தே செய்து காட்டியிருக்கிறார்.

இங்கே எனக்கு ஒரு முரண்பாடும் உண்டு. நெமேவின் ஈர்ப்பு மாயம் கலந்தது. எந்த ஆணாலும் தாங்க முடியாதது. அப்படியென்றால் அது அவன் குற்றமா, மாந்திரீகமா? நாவல் இரண்டுக்கும் நடுவில் நழுவுகிறது. ‘என்னால முடியல’ என்று சொல்லிக்கொள்ளும் ஆண்களுக்கு இது நல்ல சாக்கு. மாயத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தால் டொமினிக்கின் பகுதி இன்னும் கூர்மையாக வந்திருக்கும். சாதாரண ஆசைக்கும் சாதாரண சௌகரியத்துக்கும் ஒரு பெண்ணின் வழியை அடைத்துவிட முடியும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அதற்கு மந்திரம் வேண்டாம்.

4

டொமினிக்கின் மகன் டானியல். நாவல் அவனிடம்தான் ஆரம்பிக்கிறது: பையன்கள் கூட்டமாகக் கடற்கரையில் ‘கடல் இதயங்கள்’ பொறுக்குகிறார்கள், அம்மாக்களுக்குச் சாப்பிடக் கொடுப்பதற்காக. தலைப்பு அங்கிருந்து வருகிறது. பையன்கள் மட்டும்தான். கடற்பெண்ணுக்குப் பிறக்கும் பெண்குழந்தை கரையில் பிழைக்காது. கடலில் விட்டுவிட வேண்டும். ஆண்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மாக்கள் கடற்பாசியில் பின்னிய போர்வைக்குள் சுருண்டு நாள்கணக்கில் படுத்துக்கிடக்கிறார்கள். அப்பாக்கள் கெட்டவர்கள் இல்லை, குரலை உயர்த்துவதில்லை. வீட்டில் எப்போதும் ஒரு பொத்திப்பொத்திப் பேசும் மென்மை. அந்த மென்மை எதை மூடுகிறது என்று பையன்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். வீட்டில் ஓர் இரும்பு பீரோ. உள்லாக்கரின் சாவி அப்பாவிடம். ஒருநாள் ஏதோ பத்திரம் எடுக்கச் சாவியை என்னிடம் கொடுத்தார். பத்திரங்களுக்கு அடியில் பழுப்பேறிய ஓர் உறை. அம்மாவின் பெயருக்கு வந்தது, கல்யாணத்துக்கு முந்தைய பெயரில். ஆசிரியப் பயிற்சிக்கு அவள் தேர்வானதைச் சொல்லும் கடிதம். அடுப்படியில் இருந்தவளிடம் கொண்டுபோய்க் காட்டி, “இது என்னதும்மா?” என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். “ஒண்ணுமில்லடா, பழைய காயிதம். இருந்த எடத்துலயே வச்சிரு.” வைத்தேன். பூட்டினேன். சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா நல்லவர். அம்மாவை ஒரு சொல் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அந்தக் கடிதத்தை அவர் ஏன் கிழித்துப் போடவில்லை என்று இப்போதுதான் கேட்டுக்கொள்கிறேன். கேட்பதற்கு இருவருமே இல்லை.

டானியலும் அவன் நண்பர்களும் நான் செய்யாததைச் செய்கிறார்கள். மதுவிடுதியில் பூட்டியிருக்கும் தோல்களைத் திருடி அம்மாக்களிடம் சேர்க்கிறார்கள். சும்மா இல்லை, அதைச் செய்தால் தங்களுக்கு அம்மா இல்லை என்று தெரிந்தே செய்கிறார்கள். பழைய கதையின் குழந்தை விஷயம் தெரியாமல் வாயைத் திறக்கிறது. லனகனின் பையன்கள் தெரிந்து கதவைத் திறக்கிறார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த நாவலை நான் பெரிதாக மதிக்கிறேன். அநியாயத்தின் பலனை அனுபவித்தவர்களால், அதனால் பிறந்தவர்களாலேயேகூட, அதை முடித்துவைக்க முடியும். ஆனால் அதற்கு விலை உண்டு, அந்த விலையை அப்பாக்கள் மட்டும் கொடுக்கப்போவதில்லை.

2014இல் வந்த ‘ஸாங் ஆஃப் த ஸீ’ என்ற ஐரிஷ் அனிமேஷன் படத்திலும் ஓர் அப்பா மகளின் தோலைப் பெட்டியில் போட்டுக் கடலில் எறிகிறார், பாசத்தால். அழகான படம். ஆனால் அந்த அப்பாவை மன்னிக்க நமக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. லனகன் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. தோல் கிடைத்ததும் அம்மாக்கள் தயங்கவில்லை. டொமினிக்கின் இத்தனை வருஷப் பிரியத்துக்கு அங்கே எடையே இல்லை. பிரியம் பொய் இல்லை. ஆனால் பூட்டை அது செல்லுபடியாக்கவும் இல்லை.

ஆனாலும் லனகன் ஓரிடத்தில் நம்மைத் தேற்றப் பார்க்கிறார். பையன்களுக்கும் தோல் தைக்கப்படுகிறது. அவர்களும் அம்மாக்களோடு கடலுக்குள் போகிறார்கள். பிறகு கரைக்குத் திரும்புகிறார்கள். டானியல் கடலுக்கடியில் கழித்த காலத்தைச் சொல்லும் பக்கங்கள் அழகானவை. இருந்தும், கரையில் விடப்பட்ட குட்டியின் தனிமையை நாவல் நேராகப் பார்த்திருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. நாட்டார் கதை அதில் இரக்கமே காட்டுவதில்லை. அந்தக் கறார்தான் அதை இத்தனை நூற்றாண்டு உயிரோடு வைத்திருக்கிறது.

5

இந்த நாவலைப் பற்றி எழும் பெரிய குறை ஒன்று: இத்தனை பேர் கதை சொல்கிறார்கள், ஒரு கடற்பெண்கூடச் சொல்வதில்லை. நெமே நம்மிடம் ஒரு அத்தியாயம்கூடப் பேசுவதில்லை. ஊர் அவர்கள் வாயை அடைத்தது போதாதென்று ஆசிரியரும் அடைத்துவிட்டாரே என்று கேட்கலாம். முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. நெமேவுக்கு ஒரு குரல் கொடுத்திருந்தால் அது மனிதக் குரலாகத்தான் இருந்திருக்கும். நமக்குப் புரிகிற துக்கம், நமக்குப் புரிகிற ஏக்கம். அவளையும் கரைக்கு இழுத்துப்போட்டு நம்மில் ஒருத்தியாக்குவது, அதாவது மிஸ்கெல்லா செய்ததையே எழுத்தில் இன்னொரு தடவை செய்வது. லனகன் அந்த வேலைக்குப் போகவில்லை. ஆனால் பலன் முழுக்க நல்லதில்லை. நெமே அம்மாவாக, மனைவியாக மற்றவர் கண்ணில் மட்டுமே இருக்கிறாள். அவளுக்கென்று ஒரு கோபம், ஒரு பிடிவாதம், ஒரு சின்னத்தனம்கூட இல்லை. துக்கப்படும் அழகி என்பதோடு நின்றுவிடுகிறாள். பேசாமலே ஒரு பெண்ணை முழுசாகக் காட்ட முடியும். மிஸ்கெல்லாவை அப்படி உயிரோடு செதுக்கிய ஆசிரியருக்கு அது கைவராததல்ல. குரூரமும் வலியும் பணத்தாசையும் கலந்த மிஸ்கெல்லாதான் நாவலின் பெரிய சாதனை. அவளும் தனக்காக ஒரு கடல்நாய் ஆணை வெளியே எடுத்தவள். பெற்ற பிள்ளையைக் கடலில் விட்டவள். தான் பட்டதை அறிந்தவள், மற்றவர்களைப் படவைக்கிறாள். கடைசியில் அவள் வித்தையைக் கற்றுக்கொள்ள ட்ரூடில் என்ற சிறுபெண் தயாராக இருக்கிறாள். ஊர் ஒருதடவை மறந்து, மறுபடி செய்த ஊர். மூன்றாம் தடவை செய்யாது என்று நாவல் உறுதி தருவதில்லை. கடைசிப் பகுதி கொஞ்சம் தளர்கிறது என்றாலும் அந்த நிச்சயமின்மை எனக்குப் பிடித்திருந்தது.

6

மகளின் கேள்விக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஆர்க்னியின் சாண்டே தீவைச் சேர்ந்த வால்டர் ட்ரெய்ல் டென்னிசன் என்பவர் இந்தக் கதையின் ஒரு வடிவத்தைப் பதிவு செய்தார். அதில் வேஸ்ட்னஸ் என்ற இடத்துக் குடியானவன் ஒருவன் திருடுகிறான். அவன் மனைவி, கடைசி மகளின் புண்பட்ட காலுக்குச் செருப்பு தைக்க என்று சாக்குச் சொல்லித் தோல் தேடுகிறாள். குழந்தை சொல்கிறது: நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அப்பா ஒருநாள் கூரையடியிலிருந்து அதை எடுத்தார், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார், மடித்து அங்கேயே வைத்தார்.

இதை எத்தனை தடவை வாசித்துக் கடந்து போயிருக்கிறேன்! வீட்டில் யாருமில்லாதபோது அவன் அதை எடுத்துப் பார்க்கிறான். எரித்தால் அவளை முழுசாகத் தன்னவளாக்கியிருக்கலாம். அவனால் முடியவில்லை. அது அவளுடையது என்று அவனுக்குத் தெரியும். கொடுக்கவும் மனசில்லை, அழிக்கவும் மனசில்லை. ரோல்ராக்கின் ஆண்களும் அப்படித்தான். இத்தனை தோல்களையும் ஒரே நாளில் கொளுத்தியிருக்கலாம். பூட்டித்தான் வைத்தார்கள். பூட்டு என்பதே ஒரு வாக்குமூலம். நம்முடைய பொருளைத் திருடனுக்குப் பயந்து பூட்டுகிறோம், அடுத்தவர் பொருளை உடையவருக்குப் பயந்து பூட்டுகிறோம். லனகனின் நாவல் அந்த இரண்டாவது பூட்டைப் பற்றியது.

அடுத்த வாரம் மகளிடம் சொன்னேன். “அன்னிக்குக் கேட்டியே, ஏன் எரிக்கலன்னு. அது அவளோடதுன்னு அவனுக்குத் தெரியும்மா. அதான்.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “தெரியும்ல? அப்ப குடுத்திருக்கலாம்ல?” என்றாள். போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள்.